'நீ வேணாம் போ... அம்மாதான் வேணும்!'

இரண்டு, மூன்று வயதில் குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் இந்த வசனத்தைக் கேட்கலாம். அம்மா குளிக்கப் போயிருப்பார். அல்லது தோசை வார்த்துக்கொண்டிருப்பார். அழும் குழந்தையைத் தூக்க அப்பா போவார். குழந்தை அவர் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளும். ''நீ வேணாம் போ... அம்மாதான் வேணும்!''

வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ''புள்ளைக்கு அம்மா வாசனை தெரியும்ப்பா. நீ விடு'' என்று பாட்டி சமாதானம் சொல்வார். அப்பாவும் சிரித்துக்கொண்டே குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சோபாவில் சாய்ந்து போனைக் கையில் எடுப்பார். வெளியே சொல்ல மாட்டார். ஆனால், உள்ளே சுருக்கென்று இருக்கும். யாருக்காக மாதாமாதம் தவணை கட்டுகிறாரோ, யாருக்காக ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்க்கிறாரோ, அந்தச் சின்ன ஆளே 'நீ வேண்டாம்' என்கிறதே!

அடுத்து அந்த அப்பா என்ன செய்கிறார் என்பது முக்கியம். 'இது அம்மா டிபார்ட்மென்ட்' என்று ஒதுங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஒதுங்க ஒதுங்கப் பழக்கம் குறையும். பழக்கம் குறையக் குறைய, குழந்தை இன்னும் வேகமாகத் தள்ளும். ஐந்து வருடம் கழித்து, 'என் பையன் எங்கிட்ட எதுவுமே சொல்ல மாட்டேங்கிறான்' என்று அதே அப்பா வருத்தப்படுவார்.

குழந்தை ஏன் தள்ளுகிறது?

எட்டு, ஒன்பது மாதத்தில் குழந்தைக்கு ஆள் அடையாளம் நன்றாகப் பிடிபட்டுவிடும். பழகியவர் கண்ணைவிட்டு மறைந்தால் அழும். இது நோயுமில்லை, பிடிவாதமுமில்லை. மூளை வளர்கிறது என்பதற்கான அடையாளம். பசி, தூக்கம், காய்ச்சல், பயம் என்று உடம்பும் மனசும் வாடும்போது, அந்த நிலையில் யார் அதிகமாகத் தூக்கியிருக்கிறாரோ அவரையே குழந்தை தேடும். பெரும்பாலான வீடுகளில் அது அம்மா. அதே குழந்தை மறுநாள் காலையில் பைக் சாவி சத்தம் கேட்டதும், அம்மா இடுப்பிலிருந்து நழுவி அப்பாவிடம் ஓடும். ஆகவே, இரவில் வரும் 'வேணாம்' அப்பாவின் மேல் உள்ள வெறுப்பு அல்ல.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 1964-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒன்றரை வயதுக்குள் முக்கால்வாசிக் குழந்தைகள் அப்பாவிடமும் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்னொரு விஷயத்தையும் அவர்கள் கண்டார்கள். அதிக நேரம் பக்கத்தில் இருந்தவரைவிட, குழந்தையின் அழுகைக்கும் சிரிப்புக்கும் சரியாகப் பதில் கொடுத்தவரிடம்தான் குழந்தை நெருங்கியது. நாள் முழுக்க வேலைக்குப் போகும் அப்பாக்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

அப்பாவின் உடம்பும் மாறும்

தாய்மை பெண்ணின் உடம்பை மாற்றும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பாவாவது ஆணின் உடம்பையும் மாற்றுகிறது. பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் 600-க்கும் மேற்பட்ட ஆண்களை 2005-லும், மீண்டும் 2009-லும் பரிசோதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் நன்றாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்துக்கொண்ட அப்பாக்களுக்கு, குழந்தைப் பராமரிப்பில் ஈடுபடாத அப்பாக்களைவிட அது குறைவாக இருந்தது. ஆண்மைக்கு ஆபத்து என்று யாரும் பதற வேண்டாம். பிள்ளையை வளர்ப்பதற்கு ஏற்ப ஆணின் உடம்பும் தன்னைத் தயார் செய்துகொள்கிறது, அவ்வளவுதான். 'ஆம்பளைக்கு இதெல்லாம் வராது' என்ற பேச்சுக்கு உடம்பே சொல்லும் பதில் இது.

ஆனால், நம் வீடுகளின் கணக்கு வேறாக இருக்கிறது. 2024-ம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 சதவிகிதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். அதே வயது ஆண்களில் 21.4 சதவிகிதம் பேர்தான். அப்படி ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 140 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 74 நிமிடங்கள்.

இதில் வராத இன்னொரு வேலையும் உண்டு. ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் பூஸ்டர். ஐந்து, ஆறு வயதில் இன்னொரு பூஸ்டர். டயப்பர் எத்தனை மிச்சம், ஸ்கூல் யூனிஃபார்ம் எந்தக் கிழமைக்கு எது, பக்கத்து வீட்டுப் பாப்பாவின் பர்த்டேவுக்கு என்ன கிஃப்ட்... இவ்வளவும் அம்மாவின் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். 'என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்' என்று அப்பா நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால், சொல்வதே அம்மாவுக்கு ஒரு வேலையாகிவிடுகிறது.

'உதவி' வேண்டாம், ஒரு வேலை போதும்

'நான் அவளுக்கு ஹெல்ப் பண்றேன்' என்று சொல்லும்போதே, இது தன் வேலை இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிறது. நண்பருக்கு உதவலாம், பக்கத்து வீட்டுக்கு உதவலாம். சொந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதற்குப் பெயர் உதவி அல்ல.

பத்து வேலைகளில் அவ்வப்போது கை வைப்பதைவிட, ஒரே ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்வது நல்லது. உதாரணத்துக்கு, குளியல். வெந்நீர் பதம் பார்ப்பதிலிருந்து தலை துவட்டுவது வரை அப்பாவே செய்ய வேண்டும். துண்டு எங்கே என்று கேட்கக் கூடாது. முதல் நான்கு நாள் குழந்தை அழும். ஐந்தாம் நாள் வாளித் தண்ணீரில் கப்பைக் கவிழ்த்து விளையாடும். பத்தாம் நாள் அம்மா வந்தால், 'அப்பாதான் ஊத்தணும்' என்று சொன்னாலும் சொல்லும். இரவுக் கதை, சனிக்கிழமை நகம் வெட்டுவது, காலையில் பல் தேய்த்துவிடுவது என்று அவரவர் வேலை நேரத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இதில் அம்மாக்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அப்பா போட்ட ஜடை கோணலாக இருக்கும். டயப்பர் ஒரு பக்கம் தொங்கும். ''ஏங்க, இப்படியா போடுவீங்க, குடுங்க இங்க'' என்று பிடுங்காமல் இருந்தாலே போதும். கோணல் ஜடையோடு பாலர் பள்ளிக்குப் போன பெண் பிள்ளை, 'எங்கப்பா போட்டுவிட்டாங்க' என்று மிஸ்ஸிடம் பெருமையாகத்தான் சொல்லும்.

'அப்பா வரட்டும், சொல்றேன்!'

தமிழ் வீடுகளில் பூச்சாண்டிக்கு அடுத்தபடியாகக் குழந்தையை அதிகம் பயமுறுத்தும் பெயர் 'அப்பா'தான். பகலெல்லாம் செய்த குறும்புக்கு இரவு எட்டு மணிக்குத் தீர்ப்பு. அப்பா செருப்பைக் கழற்றும்போதே புகார் ஆரம்பித்துவிடும். என்ன நடந்தது என்றே தெரியாமல் அவரும் கண்ணை உருட்டுவார். குழந்தை மதியம் செய்ததை அதற்குள் மறந்திருக்கும். அதன் மனதில் நிற்பது, 'அப்பா வந்தால் திட்டு விழும்' என்பது மட்டும்தான்.

இதன் விலை பின்னால்தான் தெரியும். ஸ்கூல் வேனில் யாரோ அடித்தார்கள், கடைக்காரர் கன்னத்தைக் கிள்ளினார், பென்சில் பாக்ஸ் தொலைந்துவிட்டது என்று எதுவும் அப்பா காதுக்கு வராது. பயத்தோடு பார்க்கும் ஆளிடம் எந்தக் குழந்தையும் ரகசியம் சொல்லாது. பிள்ளைக்கு நிஜமாகவே ஓர் ஆபத்து வரும்போதும் அப்பாவுக்குக் கடைசியாகத்தான் தெரியவரும். அதனால், அம்மா முன்னால் நடந்ததை அம்மாவே அங்கேயே கண்டித்து முடித்துவிடுவது நல்லது. அப்பா கதவைத் திறந்ததும் முதல் பத்து நிமிடத்தில் விசாரணை எதுவும் வேண்டாம்.

அந்தப் பத்து நிமிடம்

1970-களில் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த அம்மாவிடம், சில நிமிடங்களுக்கு முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, சத்தம் கொடுத்தது. அந்த முகம் அசையவில்லை. கடைசியில் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிப்போனது.

போன் பார்க்கும் அப்பாவின் முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். ஆள் பக்கத்திலேயே இருப்பார். முகம் மட்டும் கிடைக்காது. இரண்டு வயது ஆகாத குழந்தைக்கு ஸ்கிரீனே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது. குழந்தைக்குச் சொன்ன அளவை, குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் அப்பாவும் கடைப்பிடிக்கலாம்.

எல்லா அப்பாக்களுக்கும் ஒரே வாழ்க்கை இல்லை. நாமக்கல் லாரி டிரைவர் பத்து நாளுக்கு ஒருமுறை வீடு திரும்புவார். துபாயில் இருப்பவர் வீடியோ காலில்தான் முத்தம் கொடுப்பார். திருப்பூரில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் குழந்தை எழும்போது தூங்கப் போவார். சட்டமும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. இரண்டுக்கும் குறைவான குழந்தைகள் உள்ள மத்திய அரசு ஆண் ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருப்பவருக்கு அது நிறுவனத்தின் மனதைப் பொறுத்தது. இவர்களுக்கு நேரத்தைவிட நிச்சயம்தான் கைகொடுக்கும். தினமும் அதே மணிக்கு வரும் ஐந்து நிமிட அழைப்பு, வாரத்துக்கு ஒருநாள் வரும் ஒரு மணி நேர அழைப்பைவிடக் குழந்தைக்குப் பெரிது. 'நேத்து அந்த நாய்க்குட்டி வந்துச்சா?' என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கும் அப்பா, தூரத்தில் இருந்தாலும் வீட்டில்தான் இருக்கிறார்.

முந்தைய தலைமுறையில், பெரியவர்கள் முன்னால் சொந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக் கூச்சப்பட்ட ஆண்கள் நிறையப் பேர். இன்று அவர்களே தாத்தாவாகி, பேரனை முதுகில் ஏற்றி யானை விளையாடுகிறார்கள். அந்த ஆசை அன்றும் இருந்தது. காட்டத்தான் விடவில்லை. இன்றைய அப்பாக்களை அப்படி யாரும் தடுக்கவில்லை.

அப்பாக்கள் தங்களையே சோதித்துப் பார்க்க நான்கு சின்னக் கேள்விகள். பிள்ளையின் செருப்பு சைஸ் என்ன? வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நண்பன் பெயர் என்ன? அடுத்த ஊசி எப்போது? இப்போதைக்கு எதைப் பார்த்தால் பயப்படுகிறது? மனைவியைக் கேட்காமல் நான்குக்கும் பதில் வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. செருப்பு சைஸை இன்று இரவே பார்த்துவிடலாம். மற்ற மூன்றில் இரண்டைப் பிள்ளையிடமே கேட்கலாம். அப்பா கேட்கிறார் என்றால், அதற்குச் சொல்ல நிறைய இருக்கும்.