மருத்துவரிடம் யார் பேசுகிறார்?

தாராவித் தமிழ்க் குடும்பங்களில் பல திருநெல்வேலிப் பக்கத்தவை. ஊரிலிருந்து மணமாகிப் புதிதாக வந்த பெண்ணுக்கு இந்தியோ மராத்தியோ தெரிந்திருப்பது அரிது. மாநகராட்சி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் அவளுக்காகக் கணவனோ மாமியாரோ பேசுகிறார்கள். பாட்டிக்காகப் பத்து வயதுப் பேத்தி பேசுகிறாள். இதனை உறவின் உதவி என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். நோயாளியைக் காயப்படுத்தியவரே அவருடைய குரலாகவும் அமைந்துவிடக்கூடும் என்பதை ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை?

மொழியியல் படித்தவள் என்பதால் ஓர் இலக்கணச் செய்தி. நெல்லைப் பெண் கணவனை 'அவுக' என்பாள். "அவுக அடிச்சாக" என்பதில் இருப்பது மரியாதைப் பன்மை; அடித்தவர் ஒருவரே. ஊர் வழக்கு அறியாதவர் நல்லெண்ணத்துடனேயே இதனை "யாரோ சிலர் அடித்தார்கள்" என்று இந்தியில் சொல்லிவிடலாம். கணவன் பன்மைக்குள் மறைந்துபோவான். கணவனே மொழிபெயர்த்தாலோ, அவள் படியில் தவறி விழுந்திருப்பாள். குழந்தைகள் "வயிறு வலிக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அடுத்த கேள்வியை அவர்கள் மொழியில், தனியே அழைத்துக் கேட்டால்தான் மேற்கொண்டு ஏதேனும் வரும்.

இலண்டனில் 2000 பிப்ரவரியில் கொடுமைக்கு இரையாகி இறந்த எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே, ஐவரி கோஸ்ட்டில் பிறந்து பிரெஞ்சு பேசிய சிறுமி. முந்தைய ஜூலையில் இரண்டு மருத்துவமனைகள் அவளைப் பார்த்தன. ஒன்றில் அவளுடைய காயங்கள் சிரங்கு என்று முடிவாயின. அவளை அழைத்துவந்து வளர்த்த, தந்தையின் அத்தை, பின்னர் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003-இல் ஒரு பரிந்துரை செய்தது: குழந்தையின் முதன்மொழி ஆங்கிலம் அல்லவெனில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், தவிர்த்தால், காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அந்தப் பின்பகுதியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

நமது 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவும் குழந்தைக்குப் புரியாத மொழியில் புகார் பதிவாகும்போது மொழிபெயர்ப்பாளரைத் தரச் சொல்கிறது. குற்றத்தை அறிந்தவர் எவரும், மருத்துவர் உட்பட, அதனைத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. ஆனால் மருத்துவர் அறிவது எப்படி? காவலரிடம் போவதற்கு முன்பே அல்லவா குழந்தை மருத்துவர்முன் அமர்கிறது!

கூட்டம் நெரியும் பிரிவில் இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். நியாயமே. எல்லா நோயாளிக்கும் கேட்கவில்லை. காரணம் விளங்காத காயம், அடிக்கடி திரும்பிவரும் குழந்தை, உடன் வந்தவரைப் பார்த்துப் பார்த்துப் பேசும் முதியவர்: இவர்களுக்கு மட்டும் போதும். பாந்திராவின் பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் செஹத் அமைப்பும் தொடங்கிய தில்லாசா மையம், வன்முறைக்குள்ளான பெண்களுக்கான ஆலோசனையை மருத்துவமனைக்குள்ளேயே கொண்டுவந்தது. அதனோடு ஒரு தொலைபேசி எண்ணைச் சேர்ப்பது மலையைப் புரட்டும் வேலையன்று. நோயாளிச் சீட்டில் 'மொழிபெயர்த்தவர் யார், என்ன உறவு' என்று ஒரு வரி அச்சிடுவதற்குச் செலவே இல்லை.

மாட்டுங்காவில் 1932-இலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் கண்ட சமூகம் இது. மும்மொழி அறிந்த பெண்களுக்கா இங்கே பஞ்சம்? ஒன்று மட்டும்: தாராவி நோயாளிக்குத் தாராவிக்காரர் வேண்டாம், அடுத்த வீட்டாரிடம் யார் மனம் திறப்பார்? செம்பூரிலிருந்து ஒருவர் பேசட்டும். மருத்துவமனைகளிடம் கொண்டுசெல்ல ஒரு பட்டியல் தொகுக்கிறேன். விருப்பமுள்ளோர், அறிந்த மொழிகளையும் ஓய்வுள்ள நேரத்தையும் குறிப்பிட்டுத் தனிச்செய்தி அனுப்புங்கள்.