யார் நெற்றியில் அந்தச் சந்தனம்?

"காட்டை அழிச்சதே மலைஜாதிக்காரங்கதான் சார்" என்கிறார் பக்கத்து சீட்டு கேஷியர், நெற்றியில் சந்தனத்தோடு. வாச்சாத்தி தெரியுமா என்றேன். தெரியாது. முதுமலை தெரியும், குடும்பத்தோடு போய் மான் பார்த்திருக்கிறார்.

1882 வனச்சட்டத்திலிருந்தே, விறகு பொறுக்கினவள் கள்ளி. அந்தத் திமிர்தான் 1992 ஜூன் 20இல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை வேஷத்தில் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தது. பதினெட்டுப் பெண்களைச் சிதைத்தார்கள். 2011இல் தண்டனை பெற்றவர்கள் 215 பேர். அதில் வனத்துறை மட்டும் 126. 2023இல் உயர்நீதிமன்றமும் உறுதிசெய்தது.

"ஒண்ணு ரெண்டு கெட்டவங்க எங்கயும் இருப்பாங்க" என்றார். நூத்தி இருபத்தாறு எப்படிய்யா ஒண்ணு ரெண்டாகும்? நாள்பூரா நோட்டு எண்ணுகிற மனுஷன்!

கட்டை வெட்டினவன் யாரென்று ஊரே கேட்கிறது. வாங்கினவன் விலாசத்தை ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்: "இந்தச் சந்தனம் எங்கே வாங்கினது?"

கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.