ஏரோஸைக் கலைத்தது தவறு

இந்தியன் ஏரோஸ் அணியை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2022-ல் இரண்டாவது முறையாகக் கலைத்துவிட்டது. பள்ளி வயதைத் தாண்டாத பையன்களை ஐ-லீகில் பழம் தின்று கொட்டை போட்ட தடுப்பாட்டக்காரர்களோடு வாராவாரம் மோதவிட்ட ஒரே அணி அதுதான். கார்னருக்கு 17 வயதுப் பையன் எம்பும்போது முப்பது வயதுக்காரரின் தோள் நெஞ்சில் வந்து இடிக்கும். கால் தரையைத் தொடுவதற்குள் பந்து போயிருக்கும். சம வயதினரோடு நூறு ஆட்டம் ஆடினாலும் இந்தப் பாடம் வராது. 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கார்னரைத் தலையால் முட்டி இந்தியாவின் முதல் கோலை அடித்த ஜீக்சன் சிங், அவரோடு ஆடிய சுரேஷ் வாங்ஜம் எல்லாம் அடுத்து இங்கே அடிபட்டுத் தேறித்தான் தேசிய அணிக்குப் போனார்கள். அந்த நவம்பரில் மீண்டும் தொடங்கப்பட்ட ஏரோஸ் தன் முதல் ஆட்டத்திலேயே நம் சென்னை சிட்டியை 3-0 என்று வீழ்த்தியதை யாரும் மறந்திருக்க முடியாது.

எப்போதும் தோற்கிற அணி என்கிறார்கள். கோப்பை வாங்கவா அதைத் தொடங்கினார்கள்? அந்தப் பணத்தில் இளையோர் லீக் நடத்தினால் நிறையப் பையன்களுக்கு வாய்ப்பு வரும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. தாராளமாக நடத்தட்டும். ஆனால் கீழ்ப்படியைக் கட்டுவதற்கு மேற்படியை ஏன் இடிக்க வேண்டும்? பெரிய கிளப்புகள் இருக்கும் ஊர்ப் பையன் எப்படியாவது ஏறிவிடுவான். தூத்துக்குடி மாவட்டத்து ஏரல் பையன்? பக்கத்துக் காயல்பட்டினத்தில் மௌலானா அபுல்கலாம் ஆசாத் கோப்பைக்கு வெளிமாநில அணிகள் வந்து ஆடுவதைப் பார்த்து வளர்கிறான்; அதற்கு மேல் அவனுக்கு வழி இல்லை. முன்பு ஒரு வழி இருந்தது: குமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி வழியாக ஐஎஸ்எல் போனார். 2018-19-ல் ஐ-லீக் பட்டமே வென்ற அந்தச் சென்னை சிட்டியும் இன்று லீகில் இல்லை.

கூட்டமைப்புக்காரர்கள் கைபட்டு எது உருப்பட்டது? ஏரோஸை 2013-ல் மூடியது ஸ்பான்சர் கைவிட்டதால். நான்கு ஆண்டு கழித்து அதே அணியை அவர்களே திரும்பத் தொடங்கினார்கள். அப்படியானால் முதலில் மூடியது பிழைதானே? 2016-ல் சல்கோகர், ஸ்போர்ட்டிங் கிளப் டி கோவா என்ற இரண்டு கோவா கிளப்புகள் வெறுத்துப்போய் லீகை விட்டே விலகின. உரிய காலத்தில் தேர்தல் நடத்தாததில் தொடங்கிய சிக்கல், 2022 ஆகஸ்டில் ஃபிஃபா தடையில் போய் நின்றது. ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா பெண்கள் ஒரு பந்தைக்கூட உதைக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். அதற்குப் பொறுப்பேற்று ஒருவராவது வாய் திறந்தாரா? ஏரோஸ் என்ற பெயரிலோ வேறு பெயரிலோ, பெரியவர்களோடு மோத நம் பையன்களுக்கு ஓர் அணி வேண்டும். எந்தப் பணத்தில், எப்படி என்பதை மூடத் தெரிந்தவர்களே யோசிக்கட்டும். அடுத்த சீசனுக்கு அட்டவணை போடுவதற்குள் யோசிக்கட்டும்.