எளிய ஆங்கில நூல்கள் எட்டட்டும்

அரசுப் பள்ளி ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி ஆங்கிலப் பாடத்தின்மீது விரல் வைத்து எழுத்துக் கூட்டுகிறாள். இரண்டு வரிக்குள் தெரியாத சொற்கள் ஐந்தாறு வந்துவிடுகின்றன. வீட்டிலும் கேட்க ஆளில்லை. அவளைக் குறை சொல்வது தவறு. அவளுடைய நிலைக்கேற்ற நூலை நாம் கொடுக்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. 2015இல் பிரதம் புக்ஸ் பதிப்பகம் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம், கதைகளை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்துப் பல மொழிகளில் இலவசமாகத் தருகிறது. ஒரே கதையைத் தமிழில் படித்துப் புரிந்துகொண்ட குழந்தை, ஆங்கிலத்தில் படிக்கும்போது மிரளாது. கதை தெரிந்திருப்பதால் சொல்லின் பொருளை ஊகித்துக்கொள்ளும்.

கதைநூல்கள் மட்டும் போதாது; பாடநூலும் எளிதாக வேண்டும். வாசிப்பைக் கடினமாக்கும் டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடுகளை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. அந்தப் பரிவு, அத்தகைய மாணவர்களுக்குத் தேர்வில் தரும் சலுகையோடு நின்றுவிடக் கூடாது. பெரிய எழுத்து, வரிகளுக்கிடையே தாராள இடைவெளி, பக்க ஓரத்தில் தமிழ்ப் பொருள் ஆகியவற்றோடு ஒவ்வொரு ஆங்கிலப் பாடத்துக்கும் எளிய வடிவம் ஒன்றைப் பள்ளிக்கல்வித் துறை வெளியிட வேண்டும். பாடநூல்களில் ஏற்கெனவே உள்ள கியூஆர் குறியீடு வழியே, நிதானமாக வாசித்த ஒலிப்பதிவையும் தரலாம்.

எளிமையாக்குவது தரத்தைக் குறைப்பதாகாது. முதல் படியே எட்டாத குழந்தையிடம் மேல்படியை எதிர்பார்ப்பதுதான் அநீதி. வரும் கல்வியாண்டிலேயே இந்தப் பணி தொடங்கட்டும்.