தேநீர் ஆறமுன்

ரொறன்ரோவில் எம்மவர் வீடுகளில் தேநீர் ஊற்றாத நாளில்லை. ஆனால் அதை எப்படிக் குடிக்கிறோம்? ஜக்கெற்றில் ஒரு கையை மாட்டியபடி ஒரு மிடறு, பஸ் தரிப்பில் ஒரு மிடறு, மீதி வேலைத்தலத்தில் ஆறிக் கிடக்கும். இரவிலோ தொலைபேசியில் ஊர்க்கதை கேட்டபடி குடிக்கிறோம். கோப்பை வெறுமையான பிறகுதான் குடித்ததே தெரிகிறது.

ஊரில் மூக்குப்பேணியில் சுடச்சுட பிளேன்ரீ, உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி. ஒரு கடி, ஒரு மிடறு. இரண்டு கையும் நிறைந்திருந்தால் வேறு என்ன வேலை பார்ப்பது? இருந்து குடிக்கத்தான் வேண்டும். அதைத் தியானம் என்று எங்கள் ஆச்சிமார் சொன்னதில்லை.

சொன்னவர் ஒருவர் உண்டு. வியட்நாமியப் பிக்கு திக் நாட் ஹான். சமாதானம் கேட்டு 1966 இல் வெளிநாடு சென்றவரைத் திரும்பி வர விடவில்லை. மீண்டும் அந்த மண்ணை மிதிக்க 2005 வரை காத்திருந்தார். ஆக, வசதியாக இருந்துகொண்டு புத்தி சொன்னவரல்லர், எங்களைப்போல நாடிழந்தவர். போருக்குள் தொண்டு செய்துகொண்டிருந்த தம் இளைஞர்களுக்கு 1974 இல் பிரான்சிலிருந்து அவர் எழுதிய நீண்ட கடிதமே பின்னர் நூலாயிற்று. கோப்பை கழுவும்போது, பிறகு குடிக்கப்போகும் தேநீரையே நினைப்பவன், தேநீர் கைக்கு வந்ததும் வேறொன்றைத்தான் நினைப்பான் என்பது அதில் அவர் காட்டும் உதாரணம்.

கோப்பை கழுவுவது பற்றி எங்களுக்கா சொல்ல வேண்டும்! இங்கு வந்த எத்தனை பேருக்கு முதல் வேலையே உணவகச் சமையலறையில் அதுதான். முதலாளி அவசரப்படுத்த, எட்டு மணிநேரம் ஊரார் எச்சில் கோப்பை கழுவுபவர் தேநீரை நினைத்தால் அதில் குற்றம் காண மாட்டோம். அந்த நினைப்புத்தான் பலரை நிற்க வைத்தது. ஆனால் வீட்டுத் தேநீர் எங்களுடையது. அதையும் ஏன் விட்டுக்கொடுப்பான்?

ஐந்து நிமிடம் போதும். தொலைபேசியை அடுத்த அறையில் வையுங்கள். கோப்பையை இரண்டு கையாலும் பிடியுங்கள். விறைத்த விரல்களுக்குச் சூடு ஏறட்டும். மணத்தைப் பாருங்கள், பிறகு கயரை. மனம் மோட்கேஜுக்கு ஓடும், வவுனியாவில் இருக்கும் தங்கச்சியிடம் ஓடும். ஓடட்டும். அடுத்த மிடறில் திரும்பி வரும். அது இலங்கைத் தேயிலை என்றால், கொழுந்து கிள்ளிய மலையகத்துக் கைகளும் நினைவுக்கு வரலாம். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் பேத்திகள் அவர்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலருக்கு அமைதியாக இருந்தாலே ஷெல் சத்தம்தான் முதலில் கேட்கும். அவர்கள் தனியே இருக்க வேண்டாம். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, பேசிப் பேசியே குடிக்கட்டும். நித்திரை கெடும் அளவுக்கு வந்தால் வைத்தியரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

பனங்கட்டி ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது. இல்லையென்றால் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி.