பட்டியலில் மதுரை இல்லை

2022 மார்ச் 8 அன்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பு அன்று மாலைக்குள் டிராவல் ஏஜென்ட்களான நம் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றையும் சுற்றி வந்துவிட்டது. 2020 மார்ச் 23 முதல் நின்றுபோன ஷெட்யூல்டு சர்வதேச விமானங்கள், கோடை அட்டவணையோடு சேர்ந்து அந்த மார்ச் 27-ஆம் தேதி மறுபடி பறக்கும் என்றது அறிவிப்பு. இடைக்கால ஏற்பாடான ஏர் பபிள் அன்றோடு முடிவதாக இருந்தது. 2021 டிசம்பர் 15 என்று ஒருமுறை சொல்லி, ஒமைக்ரானைக் காட்டி ஜனவரி 31, பிப்ரவரி 28 என்று தள்ளிக்கொண்டே போன கதை எல்லோருக்கும் தெரியும். டிசம்பரை நம்பி க்ரூப் சீட்டுக்கு டெபாசிட் கட்டியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இந்த முறை தேதி நிற்கும் என்றே நினைத்தேன்.

ஆக, கவுண்டரில் பழைய கேள்வி திரும்பிவிட்டது: "லீவுக்கு எங்கே போகலாம்?" முன்பெல்லாம் பட்ஜெட்டைக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னோம். அந்த மார்ச்சில் திரும்பி வருவதற்கு என்ன காகிதம் வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பிப்ரவரி 14 வழிகாட்டுதல் ஏழு நாள் வீட்டுத் தனிமையை எடுத்துவிட்டது, சரி. ஏர் சுவிதா சுய அறிவிப்புப் படிவமும், தடுப்பூசிச் சான்று ஏற்கப்படும் 82 நாட்டுப் பட்டியலும் அப்படியே இருந்தன. பட்டியலுக்குள் வராத பயணிக்கு 72 மணி நேர ஆர்டிபிசிஆர் தேவைப்பட்டது. அங்கே போய் அந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு யாருடையது, பாசிடிவ் வந்தால் கூடுதல் நாள் அறை வாடகை யார் தலையில் என்பதை வவுச்சர் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிவிட வேண்டியிருந்தது. வாய்ப்பேச்சில் விட்டவர்கள் பட்ட பாட்டை இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விற்க எளிதாக இருந்தது மாலத்தீவுதான். தடுப்பூசி போட்டவர்களுக்கு மார்ச் 5 முதல் பிசிஆர் இல்லை, விசா தொல்லையும் இல்லை. 2020, 2021 இரண்டு ஆண்டும் அங்கே அதிகம் போனவர்கள் இந்தியர்களே. ஆனால் அது தேனிலவுச் சரக்கு. பாட்டி, சித்தி, மூன்று பிள்ளைகள் என்று கிளம்பும் நம்மூர்க் குடும்பத்தை ஒரு ரிசார்ட்டில் நான்கு நாள் உட்கார வைக்க முடியாது. துபாய் பிப்ரவரி கடைசியிலேயே தடுப்பூசி போட்டவர்களுக்குப் பிசிஆரை விட்டுவிட்டது. எக்ஸ்போ மார்ச் 31-ஆம் தேதி முடிந்ததும் அறை வாடகை இறங்கும் என்று காத்திருந்தோம். தாய்லாந்து இன்சூரன்ஸ் தொகையை 50,000 டாலரிலிருந்து 20,000 ஆகக் குறைத்திருந்தது. என்றாலும் முதல் இரவு பரிசோதனை முடிவுக்காக அறைக்குள்ளேயே கிடக்க வேண்டியிருந்தது. அதை லீவு என்று ஒப்புக்கொள்ளும் வாடிக்கையாளர் எனக்கு வாய்க்கவில்லை. பாலி 23 நாட்டாருக்கு விசா ஆன் அரைவல் கொடுத்திருந்தது, அதில் அப்போது இந்தியா இல்லை. கேட்டு வந்தவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னோம்.

இலங்கையைப் பற்றி எழுதத்தான் கை தயங்குகிறது. மார்ச் 1 முதல் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பரிசோதனை இல்லை. 7-ஆம் தேதி அவர்கள் தங்கள் ரூபாயின் மதிப்பை அவிழ்த்துவிட்டதால் லேண்ட் பேக்கேஜ் விலை நமக்குச் சாதகமானது. ஆனால் அப்போது அங்கே டீசலுக்கு வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. கண்டிப் பாதையில் வண்டி நின்றுவிட்டால் போன் நமக்குத்தான் வரும். அவர்களுக்கு நம் பயணிகள் வேண்டும், நமக்கும் மனசு இருக்கிறது. சொந்த வண்டியும் டீசல் கையிருப்பும் வைத்திருந்த ஏஜென்ட் அங்கே கிடைத்தால் மட்டுமே அனுப்ப முடிந்தது.

மீதமிருந்தவை சிங்கப்பூரும் மலேசியாவும். தென் மாவட்டங்களில் நம் பிழைப்பே அந்த இரண்டும்தான். மலேசியா ஏப்ரல் 1 முதல் எல்லையைத் திறப்பதாக அறிவித்திருந்தது. சிங்கப்பூர் அதுவரை சென்னை, டெல்லி, மும்பைக்கு மட்டும் வைத்திருந்த விடிஎல் என்ற, தடுப்பூசி போட்டவர்களுக்கான தனிமையில்லாப் பயண ஏற்பாட்டை மார்ச் 16 முதல் எல்லா இந்திய நகரங்களுக்கும் விரித்துவிட்டது. எல்லா இந்திய நகரங்களுக்கும்! அவர்கள் பார்வையில் மதுரையும் இந்திய நகரம்தான். நம் அமைச்சகத்தின் பார்வைதான் வேறு.

தொடர்ந்து படிப்பவர்கள் "மதுரைப் புலம்பலை ஆரம்பித்துவிட்டார்" என்று சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். மார்ச் 27-ஆம் தேதியோடு பழைய இருதரப்பு விமான ஒப்பந்தங்கள் தூசுகூடத் தட்டாமல் அப்படியே உயிர்பெற்றன. சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் எதனுடைய ஒப்பந்தத்திலும் மதுரை பாயிண்ட் ஆஃப் கால், அதாவது அந்நாட்டு விமானங்கள் இறங்கக்கூடிய ஊராக இருக்கவில்லை. ஆசியான் நாட்டு விமானங்களுக்குத் தாராளமாகத் திறந்துவிட்ட 18 ஊர்களில் கயா இருக்கிறது, கஜுராஹோ இருக்கிறது, அவுரங்காபாத் இருக்கிறது. திருச்சி இருப்பதில் மகிழ்ச்சியே. மீனாட்சி அம்மன் குடியிருக்கிற ஊர் மட்டும் சுற்றுலாத் தலம் ஆகவில்லை. 2016 விமானக் கொள்கை சார்க் நாடுகளுக்கும் டெல்லியிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நாடுகளுக்கும் வானத்தைத் திறந்தது. நம் ஆட்கள் போகிற சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் மூன்றும் அந்த வட்டத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டன.

கேட்டால் நாடாளுமன்றத்தில் ஒரே பதில்: வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஏற்கெனவே இறங்குமிடங்கள் அதிகம், பெருநகரம் அல்லாத ஊரைப் புதிதாகத் தருவதற்கில்லை, இந்திய நிறுவனங்கள் எங்கிருந்தும் பறக்கலாம். கேரளத்துக் கண்ணூர்க்காரர்களுக்கும் இதையே சொன்னார்கள். பறக்கலாம்தான், பறப்பது எத்தனை? 2012-இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு முதல் விமானம் கிளம்பியபோது வழியனுப்பப் போய்க் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். பத்து வருஷத்தில் விரல்விட்டு எண்ணும் சேவைகளுக்கு மேல் வரவில்லை. அரசு நிறுவனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று முன்பு ஒரு நியாயமாவது சொன்னார்கள். 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியாவையும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸையும் டாடாவிடம் ஒப்படைத்தாயிற்று. இப்போது யாரைக் காப்பாற்ற எங்களைத் திருச்சிக்குத் துரத்துகிறீர்கள்? ஷெட்யூல்டு சர்வதேச விமானமே பறக்காத இரண்டு வருஷத்தில் பேச்சுவார்த்தை மேஜையில் ஒரே ஒரு ஊர்ப்பெயரைச் சேர்க்க நேரம் இல்லையா? ஓடுபாதை நீளம் என்று யாரும் தொடங்க வேண்டாம். ஏர்பஸ் 320-ம் போயிங் 737-ம் மதுரையில் இறங்கிக்கொண்டுதான் இருந்தன.

2019 மே மாதம் விருதுநகர் பக்கத்திலிருந்து 38 பேரைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனேன். சாயங்காலம் மதுரை மாட்டுத்தாவணியில் திருச்சி விமான நிலையத்துக்குப் பஸ் ஏறினோம். துவரங்குறிச்சியில் டீக்கு நிறுத்தியபோது, மடியில் இட்லிப் பொட்டலமும் கழுத்தில் தொங்கிய பாஸ்போர்ட் பையுமாக இருந்த ஒரு அம்மாச்சி கேட்டார்: "ஏம்ப்பா, ஏரோப்ளேன் மதுரையில நிக்குதே, நாம ஏன் எதிர்த்திசையில போறோம்?" ட்ராஃபிக் ரைட்ஸை அந்த அம்மாளுக்கு எந்தத் தமிழில் விளக்குவது? "அங்க சின்ன ப்ளேன் அம்மாச்சி" என்று பொய் சொன்னேன். திரும்பும்போது விடியற்காலையில் இறங்கி, மறுபடி 130 கிலோமீட்டர் பஸ். பாதிப் பேருக்கு மெரினா பே மறந்து, அந்தப் பஸ்தான் நினைவில் நின்றது.

2022-இல் கூடுதலாக ஒரு கொடுமை. பஸ் வாடகையைப் பேக்கேஜுக்குள் வைத்தால் அதற்கும் சேர்த்து அப்போது 5 சதவீத டிசிஎஸ் வரி. வெளியே வைத்தால் "விலை சொன்னபோது பஸ்ஸைச் சொல்லவில்லையே" என்ற சண்டை. என் யோசனை, உள்ளேயே வைத்து இன்வாய்சில் தனி வரியாகக் காட்டுங்கள். எதற்காக எவ்வளவு கொடுக்கிறோம் என்று பயணியும் பார்க்கட்டும்.

அந்த ஏப்ரல் கடைசிக் குழுவுக்கு 31 பெயர் சேர்ந்திருந்தது, திருச்சிப் புறப்பாடுதான். அப்போது பஸ்காரர் கூப்பிட்டார். "தேர்தல் முடிஞ்சிருச்சுண்ணே, டீசல் எப்ப வேணா ஏறும். பாதிப் பணத்தை இப்பவே போட்டு விட்டுருங்க" என்றார். போட்டுவிட்டேன்.