சொல் நின்றது, மெட்டு போயிற்று

வீட்டிலேயே பாடல் பதிவு செய்யும் தனி இசைக்கலைஞர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கருவிகளோடு முடிந்துவிடுகிறது. எந்த மைக், எந்த மென்பொருள், எதிரொலியை எப்படி அடக்குவது என்பன தேவையான கேள்விகளே. எதைப் பதிவு செய்து பாதுகாப்பது என்ற கேள்வி அவற்றுக்கு முந்தியது. திருப்பதி, சித்தூர் வட்டாரத்தின் இசை வரலாறு அக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலின் ஓர் அறையில் வைக்கப்பட்டன. 1922-இல் அவை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. 2000-க்கும் மேற்பட்ட ஏடுகள். 12,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். ஒவ்வொரு பாடலுக்கும் இராகத்தின் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. அவர் எப்படிப் பாடினார் என்பதை அச்செம்பு சொல்லவில்லை. இன்று நாம் கேட்டு உருகும் மெட்டுகளில் பெரும்பாலானவை இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதனூரி கிருஷ்ணமூர்த்தி, பாலகிருஷ்ண பிரசாத் போன்றோர் இருபதாம் நூற்றாண்டில் அமைத்தவை. பாடல் இயற்றும் முறை குறித்து அன்னமாச்சாரியார் வடமொழியில் எழுதிய இலக்கண நூலும் கிடைக்கவில்லை. அவருடைய பெயரர் தெலுங்கில் ஆக்கித் தந்த வடிவமே எஞ்சியுள்ளது.

புதுக்கோட்டை அருகே குடுமியான்மலையில் நிலை நேர்மாறானது. அங்கே பாறையில் சுரங்கள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டுள்ளன, பாடற்சொற்கள் இல்லை. ஓரிடத்தில் சொல், மற்றோரிடத்தில் சுரம். இரண்டிலும் குரல் இல்லை.

குரலைப் பிடித்துவைக்கும் கருவி வந்த பின்னும் இழப்பு நிற்கவில்லை. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை இசைத்தட்டுக்குப் பாட இசையவில்லை. 1934-இல் அவர் மறைந்தபோது அவருடைய பாட்டும் மறைந்தது. அவருடைய மாணவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975) இசைத்தட்டுகளில் பாடினார். குருவைப் பற்றி நாம் படிக்கிறோம், சீடரைக் கேட்கிறோம். ஆயினும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சமே இடம் தந்த அத்தட்டில், விரிந்து செல்லும் கச்சேரி அடங்கவில்லை.

மெட்டு தொலைந்ததால்தானே இத்தனை புதிய மெட்டுகள் பிறந்தன என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மூல மெட்டு கையில் இருந்து, அதனோடு உரையாடிப் பிறக்கும் புதுமை வேறு. இல்லாத இடத்தை நிரப்பப் பிறக்கும் புதுமை வேறு. பின்வருவோருக்கு முதல் வாய்ப்பை மறுக்க நமக்கு உரிமையில்லை.

இன்று சித்தூரின் ஒரு சிறு அறையில் கைபேசியோடு அமர்ந்திருக்கும் கலைஞருக்கு, அன்னமாச்சாரியாருக்கு வாய்க்காத வசதி வாய்த்திருக்கிறது. எனினும் அவரும் மெருகேற்றிய இறுதி வடிவத்தை மட்டும் வெளியிட்டுவிட்டு, முதலில் முனகிய தத்தகாரத்தையும், கைவிட்ட சரணத்தையும், மாற்றிய இராகத்தையும் இடம் போதவில்லை என்று அழித்துவிடுகிறார். படைப்பு நிகழ்ந்த வழி அத்தோடு அழிகிறது.

ஆகவே வீட்டுப்பதிவுத் திட்டத்தில் மூன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் முனகல் தொடங்கி ஒவ்வொரு வரைவையும் நாளிட்டு வைப்பது. சுருதியோடு மட்டும் ஒருமுறை முழுப்பாடலையும் பாடிவைப்பது. குரலையும் ஒவ்வொரு கருவியையும் தனித்தனி வேவ் கோப்புகளாக, இரண்டு இடங்களில் சேமிப்பது. மென்பொருளின் சொந்தக் கோப்பு பத்தாண்டு கழித்துத் திறக்கும் என்பதற்கு உறுதியில்லை. இதற்கு விலையுயர்ந்த மைக் தேவையில்லை.

கல்விப்புலத்துக்கும் இதில் கடமை உண்டு. எழுத்துப்படிகளுக்குப் பாடவேறுபாடு பார்க்கும் நாம், பாடலின் ஒலி வரைவுகளை ஆய்வுக்குரிய மூலமாக இன்னும் ஏற்கவில்லை. இசைத்துறைகள் தம் வட்டாரத்துத் தனிக்கலைஞர்களின் வரைவுகளை, உரிமை அவர்களிடமே இருக்க, பெற்றுப் பாதுகாக்கலாம். ஆய்வு மாணவர் ஒருவர் ஒரு கலைஞரிடமிருந்து இப்பணியைத் தொடங்கினாலும் போதும். திருமலையில் ஏடுகளைச் செதுக்கியவர்கள் தம் காலத்தில் இயன்றதைச் செய்தார்கள். நம் காலத்தில் இயல்வது அதைவிட மிகுதி.